ஆற்றங்கரை ஊரில் வீட்டைக் காப்பது: ஏரலிலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

தம்பி, மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஏரலில் ஆற்றுக்கும் கடைத்தெருவுக்கும் நடுவே உங்கள் அப்பா 1998ல் கட்டிய மேல்மாடி இல்லாத தளவீடு. தெருமட்டத்திலிருந்து தரை இரண்டடி உயரம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் நாலடி தண்ணீர் ஏறியது, வடிய மூன்று நாள் ஆனது. எழுபது வயது அம்மா அங்கே தனியாக இருக்கிறார்கள், நீங்கள் சென்னையில் வேலை பார்க்கிறீர்கள். ஒரு காண்டிராக்டர் வீட்டைச் சுற்றி ஆறடி மதில் கட்டச் சொல்கிறார். இன்னொருவர் ஜாக்கி வைத்து வீட்டையே மூன்றடி தூக்கலாம் என்கிறார். கையில் நாலு லட்சம் இருக்கிறது. "அண்ணாச்சி, எதைச் செய்யட்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாமிரபரணிக் கரை ஊர்களில் முப்பது வருடமாக வீடு கட்டிக்கொடுக்கிறேன். அந்த வெள்ளத்துக்குப் பிறகு ஒரு வருடம் முழுக்க எனக்குப் பழுது பார்க்கிற வேலைதான். அதில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். மதில் வேண்டாம். ஜாக்கி இப்போதைக்கு வேண்டாம். முதல் பணத்தை அம்மா ஏறக்கூடிய ஒரு மாடிப்படிக்கும், மாடியில் ஒரு சின்ன அறைக்கும் போடுங்கள். அடுத்தது கரண்டு வேலை. அதற்கப்புறம் கழிவுக்குழாய், வாசல் பலகை. ஏன் இந்த வரிசை என்று சொல்கிறேன்.

வெள்ளம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் உங்கள் தெருவுக்கு அது மூன்று வழியில் வருகிறது. ஒன்று ஆறு. மலையில் பெய்து பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் நிரம்பித் திறந்துவிட்டால், வழியில் கடனாநதி, சிற்றாறு எல்லாம் சேர்ந்துகொண்டு வருகிற தண்ணீர். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுதான் இந்த ஆற்றின் கடைசி அணைக்கட்டு. அதைத் தாண்டிவிட்டால் கடல்வரை அதைப் பிடித்து வைக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. இந்தத் தண்ணீர் உயரமாக வரும். ஆனால் மேலேயிருந்து வந்து சேரப் பல மணி நேரம் ஆகும் என்பதால் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டு.

இரண்டாவது குளம். அந்த அணைக்கட்டிலிருந்து பிரிகிற வடகால், தென்கால் வாய்க்கால்களில் பெருங்குளம், கடம்பாகுளம் என்று நம் பக்கம் முழுக்கக் குளம்தான். நிறைந்து மறுகால் பாய்ந்தால் வயலோடு போய்விடும். கரை உடைந்தால் கதை வேறு. 2023ல் கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகரத்துக்குள் தண்ணீர் போனதை நீங்களே பார்த்திருப்பீர்கள். உடைப்புத் தண்ணீர் நேரம் கொடுக்காது, வேகத்தோடும் சகதியோடும் வரும்.

மூன்றாவது, நம் தலைக்கு மேலேயே பெய்து வடிய இடமில்லாமல் நிற்கிற மழைத்தண்ணீர். சாக்கடை நிறைந்து கக்கூஸ் வழியாக எதிர்த்து வருவதும் இதோடு சேர்ந்ததுதான். இது ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கடி வரும். தெருவில் முழங்கால் அளவு, வீட்டுக்குள் அரையடி, ஓரடி.

2023ல் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் வந்தன. மார்கழி பிறந்த ஞாயிற்றுக்கிழமை, டிசம்பர் 17, காலையில் பிடித்த மழை. மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. நம் மாவட்டத்தில் ஒரு வருடம் முழுவதும் பெய்கிற சராசரி மழையே 70 சென்டிமீட்டருக்குள்தான். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பல நூறு பயணிகளோடு நின்றுபோனது. ஏரல் பாலத்தின் இணைப்புச் சாலை அறுந்தது. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள்கூட "இந்த மாதிரி பார்த்ததில்லை" என்றார்கள்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்றாவது வகைத் தண்ணீரைக் கொஞ்சம் செலவு செய்தால் வாசலிலேயே நிறுத்தலாம். முதல் இரண்டும் பெரிதாக வந்தால் நிறுத்த முடியாது, நிறுத்தப் பார்க்கவும் கூடாது. அதை உள்ளே விட்டுவிட்டு, அது கெடுக்கிற இடத்தில் ஒன்றும் இல்லாமல் வைப்பதுதான் வேலை. உங்கள் இரண்டு காண்டிராக்டர்களும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

மதில் கணக்கைப் பாருங்கள். வீட்டுக்குள் நாலடி என்றால், தரை இரண்டடி உயரம், ஆக தெருவில் ஆறடி. ஆறடி மதிலுக்கு வெளியே ஆறடி தண்ணீர், உள்ளே காலி. அப்போது மதிலின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் தண்ணீர் ஒன்றரை டன்னுக்கு மேல் அழுத்தும். நாற்பதடி முன்மதிலை எடுத்துக்கொண்டால் மொத்தம் சுமார் இருபது டன் வரும். தண்ணீர் ஓடாமல் சும்மா நின்றாலே இவ்வளவு. உயரம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்கு, சுவரை அடியோடு சாய்க்கிற விசை எட்டு மடங்கு. நம் ஊரில் காம்பவுண்டு என்று கட்டுகிற நாலரை இஞ்ச் சுவர், இடையில் தூண் இல்லாவிட்டால், இரண்டடித் தண்ணீரையே தாங்காது. ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் அதன் எடையை மட்டும் நம்பி நின்றால் மூன்றடிக்குள் அதன் கதை முடிந்துவிடும். ஆறடி தாங்க வேண்டும் என்றால் ஆழமான அஸ்திவாரத்தோடு முழுக்க கான்க்ரீட்டில் தாங்குசுவர் போட வேண்டும். அது உங்கள் நாலு லட்சத்தில் அடங்காது. கட்டினாலும் கேட் இருக்கிறது, அதன் இடுக்கு இருக்கிறது, மண்ணுக்கு அடியில் ஊறுகிற தண்ணீர் இருக்கிறது. மூன்று நாள் நின்ற தண்ணீர் அது.

அந்தச் சுவர் விழுகிற விதத்தையும் சொல்ல வேண்டும். மெதுவாக உயர்கிற தண்ணீரில் நிற்கிற மதில் திடீரென்று மொத்தமாக உள்பக்கம் சாயும். ஆறடி உயரத் தண்ணீர் ஒரே அலையாக முற்றத்துக்குள் பாயும். உங்கள் அம்மா அப்போது வாசலில் நின்று தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால்? இதனால்தான் மதில் வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இப்போது இருக்கிற காம்பவுண்டுச் சுவரிலும் தரையை ஒட்டி ஆறேழு இடத்தில் ஒரு செங்கல் அளவு ஓட்டை விட்டு, எலி வராமல் கம்பிவலை அடியுங்கள். தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தால் சுவர் நிற்கும்.

இப்போது மாடிப்படி. உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மொட்டை மாடிக்கு இரும்பு ஏணிதான் இருக்கிறது, அன்றைக்கு எதிர்வீட்டுப் பையன்கள்தான் அம்மாவை இடுப்பளவு தண்ணீரில் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள் என்று. மற்ற எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். அடுத்த தடவை அந்தப் பையன்கள் ஊரில் இருப்பார்களா? சாதனங்கள் போனால் வாங்கிக்கொள்ளலாம். முதலில் ஆள் ஏற ஒரு படி வேண்டும்.

மேலே எதையும் ஏற்றுவதற்கு முன் பழைய தளத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பூச்சு உரிந்து கம்பி துருப்பிடித்துத் தெரிந்தால் அதை முதலில் சரி செய்யாமல் ஒரு செங்கல்கூட மேலே ஏற்றக் கூடாது. தளம் நன்றாக இருந்தால், வீட்டுக்கு வெளியே பக்கவாட்டில் கான்க்ரீட் படி போடுங்கள். உள்ளே வைத்தால் ஓர் அறை போய்விடும். வெளியே வைத்தால் படிக்குத் தனி அஸ்திவாரமும் தூணும் வேண்டும். வெள்ளத்தில் மண் அரித்தாலும் படி நிற்க வேண்டும் என்பதால் அந்த அஸ்திவாரத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். படியின் உயரம் ஆறு இஞ்சுக்கு மேல் வேண்டாம். எழுபது வயது முழங்காலுக்கு ஏழரை இஞ்ச் படி என்பது சுவர் ஏறுகிற மாதிரி. இரண்டு பக்கமும் கைப்பிடி, நடுவில் ஓர் இளைப்பாறும் மேடை. படியின் தொடக்கம் தெருப்பக்கம் பார்த்து இருக்கக் கூடாது, வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தெருவில் ஓடுகிற தண்ணீரில் நாலு அடி நடந்துதான் படியைப் பிடிக்க வேண்டும் என்றால் அந்தப் படியால் பிரயோஜனம் இல்லை.

மேலே பத்துக்குப் பத்து போதும், ஒரு மூலையில் கக்கூஸ். சுவர்களைக் கீழே இருக்கிற சுவர்களுக்கு நேர் மேலே வருகிற மாதிரி எழுப்புங்கள், தளத்தின் நடுவில் எழுப்பாதீர்கள். எடை குறைவான கற்களை வைத்துக் கட்டினால் நல்லது. கக்கூஸ் கழிவு கீழே செப்டிக் டேங்குக்குத்தான் போகும், வெள்ளத்தில் அது நிறைந்துவிடும். ஆனாலும் மாடி உயரத்திலிருந்து இறங்குவதால் எதிர்த்து வராது, மெதுவாகவாவது போகும். அறையில் ஒரு பலகைக் கட்டில், ஒரு பரண், ஒரு சின்ன ஸ்டவ். ஐப்பசி பிறந்ததும் ஒரு வாரத்துக்கான அரிசி, மருந்து, இருபது லிட்டர் கேன் இரண்டு, டார்ச், பவர் பேங்க் மேலே போய்விட வேண்டும். பத்திரம், ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாம் வருடம் முழுக்க அங்கேயே இருக்கட்டும். மற்ற மாதங்களில் அறையை நீங்கள் ஊருக்கு வரும்போது தங்கப் பயன்படுத்தலாம். புழங்காத அறை பூட்டியே கிடக்கும், அவசரத்துக்குச் சாவி கிடைக்காது. அதனால் புழங்குங்கள்.

உங்கள் நாலு லட்சத்தில் பெரும்பங்கு இதிலேயே போய்விடும். போகட்டும்.

அடுத்தது கரண்டு. 1998ல் கட்டிய வீடு என்றால் பிளக் பாயிண்ட் எல்லாம் தரையிலிருந்து ஓரடி, ஒன்றரை அடியில் இருக்கும், ஒயர் தரைக்கு அடியில் ஓடும். எல்லாவற்றையும் ஐந்தடிக்கு மேலே ஏற்றுங்கள். ஒயர் கூரையிலிருந்து கீழே இறங்க வேண்டும், தரையிலிருந்து மேலே ஏறக் கூடாது. கீழ்வீட்டுக்கு ஒரு சர்க்யூட், மாடி அறைக்கு ஒரு சர்க்யூட் என்று பிரித்து வைத்தால் கீழே அணைத்துவிட்டு மேலே விளக்கு எரிய வைக்கலாம். கசிவைக் கண்டால் வெட்டிவிடுகிற ஆர்சிசிபி, 30 மில்லியாம்பியர் அளவுள்ளது, கட்டாயம் வேண்டும். மீட்டர் பெட்டி திண்ணை உயரத்தில் இருந்தால் அதை ஏற்ற மின்வாரியத்தில் மனுக் கொடுங்கள், நீங்களாக அதில் கை வைக்காதீர்கள். இன்வெர்ட்டர் பேட்டரி மாடிக்குப் போகட்டும். வெளியே தரையில் உட்கார்ந்திருக்கிற மோட்டார் ஒரு தடவை மூழ்கினால் காயில் கட்ட வேண்டியதுதான், அதற்கும் ஒரு மேடை போடுங்கள்.

வாசலில் தண்ணீர் முதல் படியைத் தொட்டதும் கீழ்வீட்டு மெயினை அணைத்துவிட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள். இரண்டாவது படிவரை காத்திருக்க வேண்டாம். எந்த சுவிட்ச் என்று சிவப்பு பெயின்டில் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள்.

சரி, இனி வருடா வருடம் வருகிற சின்ன வெள்ளம். இதைத் தடுக்க இரண்டு இடத்தைக் கவனித்தால் போதும், கழிவுக்குழாயும் வாசலும். நிறைய பேர் வாசலில் மணல்மூட்டை அடுக்கிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். பின்கட்டில் கக்கூஸ் குழியில் குபுக் குபுக் என்று சத்தம் கேட்கும், போய்ப் பார்ப்பதற்குள் கறுப்புத் தண்ணீர் குளியலறையைத் தாண்டி அடுப்படிக்கு வந்திருக்கும். வெளித் தண்ணீராவது வெறும் சகதி. இது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலிருந்து செப்டிக் டேங்குக்கோ சாக்கடைக்கோ போகிற குழாயில், வெளியே ஒரு சின்னத் தொட்டி கட்டி அதற்குள் ஒருவழி வால்வு மாட்டுங்கள். கழிவு வெளியே போகும், திரும்பி வராது. வருடத்துக்கு ஒரு முறை, புரட்டாசியில், அதன் மூடியைத் திறந்து முடி, துணி ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று சுத்தம் செய்ய வேண்டும். சிக்கியிருந்தால் வால்வு மூடாது, அப்புறம் அது இருந்தும் பயனில்லை. வால்வு போடும்வரை ஒரு கைவைத்தியம் இருக்கிறது. கெட்டியான பாலிதீன் பையில் பாதிக்கு மணல் போட்டுக் கட்டி, கக்கூஸ் குழியில் அமுக்கி வையுங்கள். குளியலறை ஜலதாரைக்கும் அதே மாதிரி ஒரு சின்னப் பை.

வாசலுக்கு, மடையில் பலகை போடுகிற மாதிரிதான். வாய்க்கால் மடையில் இரண்டு பக்கமும் கல்லில் காடி வெட்டி, அதில் பலகையை மேலிருந்து இறக்குவார்கள் அல்லவா? கடைத்தெருவில் பழைய கடைகளின் பலகைக் கதவும் இப்படிக் காடியில் நிற்பதுதான். அதையே உங்கள் வாசலில் செய்யுங்கள். நிலையின் இரண்டு பக்கமும் வெளிச்சுவரில் இரும்பு சேனல் பொருத்தி, தண்ணீருக்குத் தாங்குகிற முக்கால் இஞ்ச் ப்ளைவுட் அல்லது அலுமினியப் பலகையை அதில் இறக்க வேண்டும். பலகையின் அடியிலும் பக்கத்திலும் ரப்பர் பட்டை ஒட்ட வேண்டும், அடியில் வருகிற படி சொரசொரப்பில்லாமல் மட்டமாக இருக்க வேண்டும். உயரம் இரண்டரை அடி, அதற்கு மேல் வேண்டாம். செங்கல் சுவர் வீட்டுக்கு வெளியே மூன்றடி தண்ணீரை நிறுத்தி உள்ளே காலியாக வைத்திருந்தால் சுவர் வெடிக்கிற அபாயம் வந்துவிடும். பலகைக்கு மேலே தண்ணீர் வழியத் தொடங்கினால் வழியட்டும். நீங்கள் படியேறிவிடுங்கள். ஏறும்போது உள்கதவுகளை எல்லாம் திறந்து வைத்துவிட்டுப் போங்கள், தண்ணீர் எல்லா அறையிலும் ஒரே மட்டத்தில் நிற்கும்.

பலகை போட்டாலும் தரை வழியாகக் கொஞ்சம் ஊறும். டைல்ஸ் இடுக்கில் முத்து முத்தாக வரும். அதை மோந்து வெளியே ஊற்ற ஒரு முறம், வாளி போதும். அம்மா தனியாகப் போட முடிகிற எடையில் பலகை இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். ஒரே பலகையாக இல்லாமல் பத்து இஞ்ச் அகலத்தில் மூன்றாக வெட்டினால் அவர்களே ஒவ்வொன்றாக இறக்கிவிடலாம்.

மணல்மூட்டைதான் கிடைக்கிறது என்றால், மூட்டையை முழுக்க நிரப்பாதீர்கள், பாதிக்குக் கொஞ்சம் மேலே போதும். நிறைந்த மூட்டை உருண்டையாக நிற்கும், இடுக்கு விழும். பாதி மூட்டை கல்லுக்குக் கல் படிகிற மாதிரி படியும். கதவை ஒட்டித் தார்ப்பாய் விரித்து, அதன் மேல் செங்கல் கட்டுவது போலச் சந்து மாற்றி அடுக்குங்கள்.

வீட்டுச் சாமான் விஷயத்தில் பலருக்குத் தெரியாத சில உண்டு. ஃப்ரிட்ஜ் மிதக்கும். இரண்டடித் தண்ணீர் வந்தாலே கிளம்பிச் சாய்ந்து கதவை அடைத்துக்கொண்டு கிடக்கும். கேஸ் சிலிண்டரும் மிதக்கும், முழுசாக இருந்தாலும் மிதக்கும். வாயுவோடு சேர்த்து அதன் எடை சுமார் 30 கிலோ, அது ஒதுக்குகிற தண்ணீர் அதைவிட அதிகம். அடுப்படிச் சுவரில் ஒரு கொக்கி அடித்துச் சங்கிலியால் கட்டுங்கள், மழை வலுத்ததும் ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். தண்ணீர் வடிந்த பிறகு ஒரு வீட்டில் பீரோவைத் திறக்க வேண்டியிருந்தது. பட்டுப்புடவைகள் ஊறிப் பருத்து உள்ளேயிருந்து கதவைத் தள்ளிக்கொண்டிருந்தன, பூட்டு திரும்பவே இல்லை. பட்டறையிலிருந்து ஆள் வந்து அறுத்துத்தான் எடுத்தோம். கல்யாணப் புடவையைக் கையில் எடுத்த அந்த அம்மா, சாயம் இறங்கிய தண்ணீர் முழங்கையில் வழிய, ஒன்றும் பேசாமல் நின்றார்கள். பீரோ கீழ்வீட்டிலேயே இருக்கட்டும், ஆனால் கார்த்திகை, மார்கழியில் மட்டும் அதன் கீழ் இரண்டு தட்டும் காலியாக இருக்கட்டும்.

புதிதாக அடுப்படி செய்வதாக இருந்தால், ஒட்டுப்பலகையில் செய்கிற மாடுலர் கிச்சன் நம் ஊருக்கு ஆகாது. ஒரு நாள் ஊறினால் பிஸ்கட் மாதிரி உதிரும். கடப்பாக்கல் தட்டு போட்டால் கழுவிவிட்டு மறுநாளே பாத்திரம் அடுக்கலாம்.

தரைக்கு அடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியை மழைக்காலத்தில் காலியாக விடாதீர்கள். மண் ஊறி நிலத்தடித் தண்ணீர் ஏறும்போது காலித் தொட்டியைப் படகு மாதிரி மேலே தள்ளும். ஐயாயிரம் லிட்டர் தொட்டி என்றால் ஐந்து டன் அளவுக்கு மேல்நோக்கித் தள்ளும். விரிசல் விடும், குழாய் பிய்த்துக்கொள்ளும். நிறைத்து வைத்து மூடியை இறுக்கிவிடுங்கள்.

ஜாக்கி வைத்துத் தூக்குவது கெட்ட வேலை என்று நான் சொல்லவில்லை. சிமென்ட் சாந்தில் கட்டிய, விரிசல் இல்லாத வீட்டை அனுபவமுள்ள ஆட்கள் நன்றாகவே தூக்குகிறார்கள். மண் சாந்தில் கட்டிய பழைய வீட்டைத் தூக்க யார் வந்தாலும் சம்மதிக்காதீர்கள். உங்கள் வீட்டில் பிரச்சினை அதுவல்ல. மூன்றடி தூக்கினால் 2023 வெள்ளம் திரும்ப வரும்போது வீட்டுக்குள் நாலடிக்குப் பதில் ஓரடி நிற்கும். தரை, கதவு, அடுப்படி எல்லாம் அப்போதும் நனையும், அம்மா அப்போதும் ஏறிப்போக இடம் வேண்டும். தூக்குகிற கூலி ஒரு பக்கம். தூக்கிய பிறகு புதுத் தரை, புதுப் படி, புதுக் குழாய், செப்டிக் டேங்க் இணைப்பு என்று செலவு தொடர்ந்து வரும். அதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. பின்னால் பணம் சேர்ந்தால் யோசிக்கலாம், மாடிப்படியைத் தனி அஸ்திவாரத்தில் போடச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதற்குள் தெரு உயராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா கட்டும்போது தரை தெருவிலிருந்து இரண்டரை அடியோ மூன்றடியோ இருந்திருக்கும். பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு இரண்டடி ஆகியிருக்கும். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும், மட்டம் ஏறக் கூடாது என்று 2021லேயே அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டிருக்கிறார். சாலை போட வரும்போது தெருக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து அதைக் காட்டிக் கேளுங்கள். பணம் செலவழிக்காமல் வீட்டை உயர்த்துகிற வழி அது. வாய்க்காலை அடைக்கிற அமலைச்செடியை எடுக்கச் சொல்லியும் ஆவணிக்குள் மனுக் கொடுங்கள். ஐப்பசியில் கொடுத்தால் மழைதான் முந்தும்.

எச்சரிக்கைக்கு அரசின் டிஎன் அலர்ட் செயலியை உங்கள் போனிலும் அம்மா போனிலும் போடுங்கள். மாவட்டப் பேரிடர் எண் 1077, மாநில எண் 1070. இதைவிட எனக்கு நம்பிக்கை ஆற்றின் மேல்பக்கத்து ஊரில் இருக்கிற ஓர் உறவினர் மேல்தான். ஸ்ரீவைகுண்டம் பக்கமோ முறப்பநாடு பக்கமோ தெரிந்தவர் ஒருவரிடம் "ஆற்றில் தண்ணீர் படித்துறையைத் தாண்டினால் ஒரு போன் போடுங்கள்" என்று சொல்லிவையுங்கள். அந்த போன் வந்தால் அம்மா மாடிக்கோ மேட்டில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்கோ வெளிச்சத்திலேயே போய்விட வேண்டும்.

தண்ணீர் வடிந்த பிறகு செய்கிற தவறுகளாலும் பாதி வீடு கெடுகிறது. வெளியே தண்ணீர் நிற்கும்போது உள்ளே மட்டும் மோட்டார் போட்டு இறைக்காதீர்கள், அழுத்தம் சுவரில் ஏறும். வெளியே இறங்க இறங்க உள்ளேயும் இறங்கும். சகதியை ஈரமாக இருக்கும்போதே தள்ளிவிட வேண்டும், காய்ந்த வண்டலைக் கொத்தித்தான் எடுக்க வேண்டிவரும். தள்ளுவதற்கு முன் ஒவ்வொரு அறையையும், சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிகிற மாதிரி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வி.ஏ.ஓ.வுக்கும் இன்சூரன்சுக்கும் அது வேண்டும். எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு பாயிண்டாகப் பார்த்துச் சொல்லும்வரை மெயினைப் போடக் கூடாது. வண்டி மூழ்கியிருந்தால் ஸ்டார்ட் பண்ணவே கூடாது, தள்ளிக்கொண்டுதான் மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

அப்புறம் பெயின்ட். பொங்கலுக்குள் வீட்டைப் பளிச்சென்று ஆக்கிவிட வேண்டும் என்று எல்லோரும் துடிப்பார்கள். நாலடி ஊறிய சுவர் காயப் பல மாதம் ஆகும். அதன் மேல் பட்டி பார்த்து பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, ஆடிக்குள் தோல் உரிகிற மாதிரி உரியும், உப்பு பூக்கும். ஒரு கோடை முழுக்கக் காயவிடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்றால் வெறும் சுண்ணாம்பு அடியுங்கள், சுவர் மூச்சு விடும்.

இன்சூரன்ஸ் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2021 ஏப்ரலிலிருந்து 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுக் காப்பீடு எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் கிடைக்கிறது. வெள்ளமும் அதில் அடக்கம். கட்டடத்துக்கு எடுத்தால் வீட்டுச் சாமான்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம்வரை, அதிகபட்சம் பத்து லட்சம், தானாகவே சேர்ந்துவிடும். 2023ல் அரசு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கக்கூட அது காணாது. மழைக்காலத்துக்கு முன்பே பாலிசியை எடுத்துவிடுங்கள்.

வீட்டை விற்கலாமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அது அம்மா சொல்ல வேண்டிய பதில். அந்தத் தெருவில் அவர்களைத் தூக்கிப் போக ஆள் வந்தது. மேட்டுப்பாங்கான புது நகரில் ஒரு வீடு வாங்கிவைத்தால் அப்படி வருவார்களா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தடவை ஊருக்கு வரும்போது கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டு டியூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். 2023 கோடு இன்னும் ஏதாவது ஒரு சுவரில் இருக்கும், பின்கட்டில், மாட்டுக்கொட்டில் பக்கம் தேடினால் கிடைக்கும். அந்தக் கோட்டிலிருந்து தெரு நடுவு, வீட்டுத் தரை, கக்கூஸ் குழி, சாக்கடையின் அடிமட்டம், மீட்டர் பெட்டி, இத்தனையும் எத்தனை அடி எத்தனை இஞ்ச் கீழே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். வாசல் நிலையின் அகலத்தையும் சேர்த்து எழுதுங்கள். பலகைக்கும் சேனலுக்கும் அளவு நான் போட்டுத் தருகிறேன்.